நிரையில் அலைந்த மனம்

கொழுந்தெடுக்கப் பழகிய கை, ஒரு கட்டத்துக்கு மேல் மனதைக் கேட்டு வேலை செய்வதில்லை. மொட்டும் இரண்டிலையுமாக நிற்கும் தளிரை ஒடிக்கும். பிடி நிறைந்ததும் தோளுக்கு மேலாகக் கூடைக்குள் எறியும். மட்டக்கம்பை அடுத்த செடிமேல் போட்டு மட்டம் பார்க்கும். சிறுவயதில் தாயின் நிரையில் நின்று பார்த்ததை இருபது வயதுக்குள் விரல்கள் தமதாக்கிக்கொண்டுவிடும். பிறகு கண் தளிரில் இருக்கும், விரல் ஒடித்துக்கொண்டே போகும், மனம் வேறெங்கோ போயிருக்கும்.

காலையில் பெரட்டுக்களத்தில் பேர் கொடுத்துவிட்டு மலையேறியவள், மாலையில் கடைசி நிறுவை முடியும்வரை நிரையில் நின்றாள். அவள் நின்ற நேரத்தைத் தோட்டம் செக்ரோல் என்ற பேரேட்டில் எழுதி வைத்தது. அந்த நேரத்தில் அவள் மனம் போன இடங்களை யாரும் எழுதி வைக்கவில்லை. அது ஒன்றுதான் தோட்டத்துக்குச் சொந்தமில்லாமல் இருந்தது. லயத்துக்குத் திரும்பினால் பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா. அதற்குள் அடுப்பு, தொட்டில், மாமியார், கொழுந்தன். தனியாக உட்கார்ந்து ஒன்றை நினைத்துப் பார்க்க அங்கே மூலை கிடையாது. ஐம்பது பெண்கள் வரிசையாக நிற்கும் திறந்த மலைதான் அவளுக்குக் கிடைத்த தனியறை.

அங்கே என்ன நினைத்தாள்? பிள்ளைக்காம்பராவில் விட்டுவந்த குழந்தையின் காய்ச்சலை, கடைக்காரரின் பற்றுக் கொப்பியை, பெயர் மட்டுமே தெரிந்த திருச்சிப் பக்கத்துக் கிராமத்தை. 1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்து, இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டு, மீதி ஒன்றரை லட்சம் பேரைப் பிறகு பார்க்கலாம் என்று நிறுத்திவைத்தார்கள். எந்த நாட்டுக்கு விண்ணப்பம் போடுவது, வயதான தாயை யாரிடம் விடுவது, அண்ணன் போனால் தம்பி இருப்பதா என்ற கேள்விகள் ஒவ்வொரு லயத்துக்குள்ளும் நுழைந்தன. ஒரு குடும்பத்தின் திசையையே மாற்றிய அந்த முடிவுகளில் எத்தனை, பாரக்கூடையோடு தேயிலைச் செடிகளுக்கு நடுவே நின்றபடி எடுக்கப்பட்டிருக்கும் என்பதை எந்த ஆவணமும் சொல்லாது.

பாட்டும் அங்கேதான் பிறந்தது. ஒருத்தி ஓரடி எடுப்பாள். மூன்று நிரை தள்ளி நிற்பவள் அடுத்த அடியைச் சேர்ப்பாள். கங்காணியைக் கேலி செய்த பாட்டு, கணக்கப்பிள்ளையை வைத பாட்டு, கடல் தாண்டி வந்த கதையைச் சொன்ன பாட்டு. 1914இல் மடக்கொம்பரைத் தோட்டத்தில் பிறந்து, 1947இல் தலவாக்கலை உறுப்பினராக நாடாளுமன்றம் போன சி. வி. வேலுப்பிள்ளை அவற்றைத் தேடிச் சேர்த்து, ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்று தொகுத்தார். அவர் தொகுத்ததை நாட்டார் இலக்கியம் என்று நாம் அடுக்கில் வைத்துவிட்டோம். வேலைக்கு வேண்டாததாக விடப்பட்ட மனம் தன்போக்கில் அலைந்து கொண்டுவந்து சேர்த்தவை அவை என்றும் சொல்லலாம்.

இதை ஒரு பொற்காலமாக எழுதிவிடுவது சுலபம். காலில் அட்டை, இடுப்பில் நனைந்த படங்கு, முதுகில் பாரம், பின்னால் கங்காணியின் குரல். மனம் அலைந்தது வேலை இனிமையாக இருந்ததால் அல்ல. உடலை முழுவதாக எடுத்துக்கொண்ட வேலை, மனதைச் சட்டை செய்யவில்லை, அவ்வளவுதான். ஆண் உழைத்தால் ஒரு கூலி, பெண் உழைத்தால் அதைவிடக் குறைந்த கூலி என்ற வழக்கம் 1984 வரை நீடித்தது. அந்தக் கூலிக்கு நின்றவளின் பாட்டைக் கேட்டு நாம் உருகுவதில் கொஞ்சம் கூச்சம் இருக்கத்தான் வேண்டும்.

ஆனால் அந்த அலைச்சலுக்கு இன்னொரு பயனும் இருந்தது, அதைக் கவனித்தவர்கள் குறைவு. எதையும் குறிப்பாகத் தேடாத கண்ணில்தான் பல விஷயங்கள் படும். வாதுக்கடியில் குளவிக்கூடு, ஒரு பக்கம் மட்டும் வாடிய செடி, நேற்றுவரை தெளிவாக வந்த ஊற்று இன்று கலங்கி வருவது, மழைநீர்க் கான் ஓரத்தில் விரல் நுழையும் அளவு வெடிப்பு. இவற்றைப் பார்ப்பதற்கு அவளுக்குச் சம்பளம் இல்லை. பார்த்தவள் பக்கத்து நிரைக்குச் சொன்னாள். அது கங்காணிக்குப் போயிற்று. சில நேரம் தோட்டத்தை நடத்திய துரை வரைக்கும் போயிற்று.

இன்று ஹட்டன், கொட்டகலை, டிக்கோயாப் பக்கம் சரிவு அதிகமில்லாத மலைகளில் தட்டுப் பொருத்திய கத்தரியைப் பார்க்கலாம். மோட்டார் மிஷினையும் பார்க்கலாம். பெரிய மிஷினென்றால் நிரைக்கு இருபுறமும் இருவர் பிடித்து நடக்க, கத்தி செடியின் மேல்மட்டத்தைச் சீவிக்கொண்டு போகும்; சீவிய கொழுந்து பின்னால் கட்டிய பைக்குள் விழும். கையால் எடுப்பதைப் போலப் பல மடங்கு கொழுந்து ஒரு நாளில் சேரும். ஆள் கிடைக்கவில்லை என்பது கம்பனிகள் சொல்லும் காரணம். அது பொய்யும் அல்ல. 1992இல் அரசு தோட்டங்களின் நிர்வாகத்தைப் பிராந்தியக் கம்பனிகளிடம் கொடுத்தபோது அவற்றில் மூன்று லட்சத்துக்கும் அதிகமானோர் வேலை செய்தார்கள். இன்று அதில் பாதிகூட இல்லை. பிள்ளைகள் கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் போய்விட்டார்கள். ஏன் போனீர்கள் என்று அவர்களைக் கேட்க யாருக்கும் உரிமை இல்லை. 2021இல் நாட்கூலி 1,000 ரூபாய் ஆவதற்கே ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. 2024இல்தான் அது 1,350 ஆனது.

மிஷின் பிடிப்பவரின் மனம் அலைய முடியாது. கத்தியின் உயரம் ஒரு விரல் இறங்கினால் செடி காயப்படும்; எதிர்ப்புறத்தில் வருபவரின் நடையோடு நடை ஒத்துப்போக வேண்டும்; காதுக்குள் எஞ்சின் இரைச்சல். பாட்டு எடுத்தால் பக்கத்து நிரைக்குக் கேட்காது. கையால் எடுப்பவளுக்கும் இப்போது நிலைமை முழுக்கப் பழையபடி இல்லை. பதினெட்டு கிலோ என்று தோட்டம் வைத்த கணக்கு எட்டினால் முழுப்பேர், அதாவது முழுநாள் கூலி; எட்டாவிட்டால் அரைப்பேர். எத்தனை கிலோ சேர்ந்திருக்கும் என்ற கணக்கே நாள் முழுக்க மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. இளம் பெண்கள் சிலர் காதில் வயர் மாட்டிக்கொண்டு போனில் பாட்டுக் கேட்டபடி கொழுந்தெடுக்கிறார்கள். அலுப்புக்கு அது மருந்துதான், குறை சொல்ல எதுவுமில்லை. முன்பு நிரையில் பாட்டுக் கட்டினார்கள், இப்போது கேட்கிறார்கள்.

கத்திக்கு இன்னொரு குணம் உண்டு. முற்றிய இலை, இன்னும் இரண்டு நாள் விட்டுவைக்க வேண்டிய இளந்தளிர், வளர்ச்சி ஓய்ந்த கணு என்ற பேதம் அதற்குத் தெரியாது; உயரம் மட்டுமே தெரியும். பதினெட்டு கிலோ பச்சைக் கொழுந்து தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோருக்குள் போய் நாலு கிலோ தேயிலையாக வெளியே வரும். அந்தப் பதினெட்டு கிலோவில் பல ஆயிரம் தளிர்கள். ஒவ்வொன்றிலும் ‘எடு’ அல்லது ‘விடு’ என்று ஒரு சின்னத் தீர்ப்பு இருந்தது. அந்தத் தீர்ப்பைச் சொன்னவளுக்கே அது தெரியாமல், விரல் நுனியில் நடந்து முடிந்தது. இப்போது தீர்ப்பு மலையிலிருந்து ஸ்டோருக்கு இறங்கிவிட்டது.

யப்பானில் ககோஷிமாவின் சமவெளித் தோட்டங்களில் ஒருவர் வண்டியில் ஏறி உட்கார்ந்து நிரைமேல் ஓட்டிக்கொண்டே போகிறார். கென்யாவின் கெரிச்சோவில் 2023 மே மாதம் வேலை பறிபோகிறதென்ற கோபத்தில் கொழுந்து வெட்டும் இயந்திரங்களைக் கொளுத்தினார்கள். நம் மலையில் இரண்டும் நடக்கவில்லை. வண்டி ஏற முடியாத சரிவு ஒரு காரணம். வேலையை விட்டுப் போக நினைப்பவர்கள் மிஷினைக் கொளுத்த மாட்டார்கள் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

கொழுந்தை நிறுக்கும் மடுவத்தில்தான் மாற்றம் இன்னும் கூர்மையாகத் தெரியும்.

அன்று அங்கே தொங்கியது கைத்தராசு. கூடையைக் கொக்கியில் மாட்டி, முள் நிற்பதற்குள் கணக்கப்பிள்ளை ஒரு எண்ணைச் சொல்லிவிடுவார். கூடைக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழிப்பார். எதற்கென்றே தெரியாமலும் சில கழியும். தனக்கு வேண்டியவளுக்குக் கூட எழுதினார், எதிர்த்துப் பேசியவளுக்குக் குறைத்து எழுதினார். அநியாயம் பச்சையாக நடந்தது. ஆனால் அதைச் செய்த கை கண்ணெதிரே இருந்தது. அவரிடம் சண்டை போடலாம், மண்ணை வாரித் தூற்றலாம், தொழிற்சங்கத் தலைவரைக் கூட்டி வரலாம், கூட்டமாகத் துரை பங்களாவுக்கு நடக்கலாம். அவரைப் பற்றிப் பாட்டும் கட்டலாம், கட்டினார்கள். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தில் தொழிலாளி கோவிந்தன் சுடப்பட்டு இறந்தபோது, சுட்டது யார், சுடச் சொன்னது யார் என்ற கேள்வி விசாரணை ஆணைக்குழு வரைக்கும் போயிற்று. நீதி கிடைத்ததா என்பது வேறு. கேள்வியைக் கொண்டுபோய் நிறுத்த ஓர் ஆள் இருந்தார்.

இன்று பல தோட்டங்களில் இலத்திரனியல் தராசு. எண் சிவப்பாக ஒளிரும், எல்லாருக்கும் தெரியும். சில இடங்களில் அட்டையைக் காட்டினால் பெயரும் எடையும் நேராகக் கணினிக்குப் போய்விடும். துண்டு அச்சாகி வரும். முள்ளைத் தட்டிவிட இடமில்லை, வேண்டியவள் வேண்டாதவள் இல்லை. நூறு ஆண்டாகக் கேட்டது கிடைத்தது என்றுதான் இதைச் சொல்ல வேண்டும். அப்படியும் மடுவத்தில் இப்படி ஒரு பேச்சு கேட்கும்:

“தம்பி, ரெண்டு கிலோ கொறையுதேப்பா.”

“அது மிஷின் தானாக் கழிக்கிதும்மா. நான் கையே வைக்கல.”

அவன் சொல்வது உண்மை. அவன் கை வைக்கவில்லை. கூடைக்கும் ஈரத்துக்குமாக இரண்டு கிலோ என்று எங்கோ ஓர் அலுவலக மேசையில் ஒருவர் ஒருநாள் தட்டிவைத்தார். வெயில் நாளிலும் மழை நாளிலும் தராசு அதையே கழிக்கிறது. அந்த அம்மாவுக்கு அந்த மேசையும் தெரியாது, அந்த ஆளும் தெரியாது. தம்பிக்கும் தெரியாது. பழைய கணக்கப்பிள்ளை செய்தது திருட்டு என்று அவருக்கே தெரிந்திருந்தது. இரவில் படுக்கும்போது ஒருவேளை உறுத்தியும் இருக்கும். இந்த இரண்டு கிலோ யாரையும் உறுத்தாது. ஏமாற்று குறைந்திருக்கிறது, அது பெரிய லாபம். மிச்சமிருக்கும் பிழைக்கு முகம் இல்லாமல் போனது அந்த லாபத்தோடு சேர்ந்து வந்த நட்டம். எது பெரிது என்று கேட்டால், மாதச் சம்பளத் துண்டைப் பார்த்துப் பேசுகிறவள் தராசின் பக்கம்தான் நிற்பாள். நானும் அங்கேதான் நிற்பேன், கொஞ்சம் முணுமுணுத்துக்கொண்டு.

இயந்திரம் இந்த மலைக்குப் புதிதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை வைத்தார். பங்களா விறாந்தையில் மேசை போட்டு, வாட்டிய இலையை ஆட்களின் கையால் உருட்டச் செய்தார். களிமண் அடுப்பில் கரி போட்டு உலர்த்தினார். சில ஆண்டுகளுக்குள் அவரே உருட்டும் இயந்திரம் ஒன்றைச் செய்து பார்த்தார். பிறகு இங்கிலாந்திலிருந்து ஜாக்சனின் ரோலர்களும் பெல்பாஸ்ட் நகரிலிருந்து டேவிட்சனின் சிரோக்கோ உலர்த்திகளும் வந்தன. கையால் உருட்டும் வேலை பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் மறைந்துவிட்டது; அதற்காக யாரும் வருந்தியதாகத் தெரியவில்லை. அந்த இயந்திரங்கள் கையின் வேலையை எடுத்துக்கொண்டன. எப்போது நிறுத்துவது என்ற முடிவை ஸ்டோரில் தேயிலை தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கரிடம் விட்டுவைத்தன.

பழைய டீமேக்கரின் இரவை நினைத்துப் பார்க்கலாம். மாலையில் வந்த கொழுந்து ஸ்டோரின் மேல் மாடிகளில் சணல் துணித் தட்டுகளில் பரப்பப்பட்டிருக்கும். வாடுவதற்குப் பன்னிரண்டு மணி நேரமும் ஆகலாம், பதினெட்டும் ஆகலாம்; காற்றும் மூடுபனியும்தான் முடிவு செய்யும். ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்று பார்த்தபடி அவர் மாடியேறி இறங்குவார். ஒரு பிடி அள்ளிக் கசக்கி விரிப்பார். இலை உடையாமல் பட்டுத் துணியைப் போலக் கையில் சுருண்டு கிடந்தால் சரி. இடையில் செய்வதற்கு எதுவும் இருக்காது. நாற்காலியில் உட்கார்ந்து சுருட்டுப் பிடித்துக்கொண்டு மகளின் படிப்பை நினைப்பார், வராத பதவி உயர்வை நினைப்பார், போன வெள்ளிக்கிழமை கெட்டுப்போன கொழுந்தை நினைப்பார். அந்தக் கடைசி நினைவு சும்மா வந்ததல்ல. போன வெள்ளிக்கிழமையும் இதே மாதிரி மேற்கே மின்னியது என்று ஞாபகம் வரும். எழுந்து போய் இரண்டு ஜன்னலை மூடுவார். சோம்பி உட்கார்ந்திருந்த மனம் தன்போக்கில் இரண்டு விஷயங்களை முடிச்சுப் போட்டுவிட்டது. திட்டம் போட்டு யோசித்திருந்தால் அந்த மின்னலும் அந்தக் கொழுந்தும் ஒரே பட்டியலில் வந்திருக்காது.

பிறகு புளிக்க வைக்கும் கட்டம். உருட்டிய இலை பச்சை மாறிச் செப்பு நிறத்துக்கு வரும். பச்சை வாடை போய்ப் பழ வாசம் எழும். அந்த வாசம் உச்சிக்கு வந்து இறங்கத் தொடங்கும் முன் உலர்த்திக்குள் தள்ள வேண்டும். சில நிமிடம் பிந்தினால் தேநீரில் உயிர் இருக்காது. அந்த நிமிடத்தை அவர் மூக்கு சொல்லிற்று. தப்பினால் கொழும்பு ஏலத்தில் தோட்டத்தின் மார்க்குக்கு விலை இறங்கும். துரை கூப்பிட்டுக் கேட்பார். பதில் சொல்ல வேண்டியவர் அவர் ஒருவரே.

இன்று மாடித் தட்டுகளின் இடத்தில், விசிறிக் காற்று அடியிலிருந்து ஏறும் நீண்ட தொட்டிகள். ஈரப்பதத்தை மானி காட்டுகிறது. உலர்த்தியின் வெப்பம் தானே ஏறித் தானே இறங்குகிறது. உலர்ந்த தேயிலையில் மூன்று சதவீத அளவே ஈரம் நிற்க வேண்டும் என்றால், அதை நொடியில் சொல்லும் கருவி மேசையில் இருக்கிறது. காம்பையும் நாரையும் பொறுக்க முன்பு பெண்கள் தூசிக்குள் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். இப்போது நிறம் பிரிக்கும் இயந்திரம் ஒவ்வொரு துகளையும் படம் பிடித்து, வேண்டாததைக் காற்றால் ஊதித் தள்ளுகிறது. அந்தப் பெண்களின் கண்ணும் மூச்சும் தப்பின. ஒரு நாள் தேயிலைக்கும் மறுநாள் தேயிலைக்கும் இருந்த ஏற்ற இறக்கம் குறைந்தது.

மூக்கு இன்னும் ஓய்வு பெறவில்லை. ஜனவரி முதல் மார்ச் வரை டிம்புளைச் சரிவில் வறண்ட காற்று வீசும் பருவத்தில், நல்ல மணம் ஏறும் இரவுகளில், இன்றும் டீமேக்கர் மூக்கை வைத்துத்தான் முடிவு செய்கிறார். மாறியிருப்பது கெட்டுப்போன நாளில் சொல்லப்படும் பதில். முன்பு ‘நான் பிந்திவிட்டேன்’ என்றோ ‘மழை ஏமாற்றிவிட்டது’ என்றோ சொன்னார்கள். இப்போது பதிவேட்டை நீட்டலாம்: வெப்பம் சரி, நேரம் சரி, ஈரம் சரி. எல்லாம் சரியாக இருந்து தேயிலை மட்டும் சரியில்லாமல் போன நாளுக்கு அந்த ஏட்டில் கட்டம் கிடையாது.

கொழும்புத் தேயிலை ஏலமும் இப்படித்தான் கருவிக்கு மாறியது. 1883 ஜூலை 30 அன்று தொடங்கிய ஏலம், கூவி விலை கேட்டு, கண்ணசைவில் பேரம் முடித்து, 137 ஆண்டு நடந்தது. 2020 ஏப்ரலில் கொரோனா ஊரடங்கின்போது சில நாட்களுக்குள் கணினித் திரைக்குப் போய்விட்டது. யாரும் பெரிதாக நட்டப்படவில்லை.

கந்தப்பளையில் ஹெதர்செட் தோட்டத்தின் பழைய ஸ்டோர் 1996இல் ஹோட்டலாகத் திறக்கப்பட்டது. கொழுந்து வாடிய மாடிகள் இப்போது அறைகள். டீமேக்கர் இரவில் திறந்து மூடிய ஜன்னல் வரிசைக்குப் பின்னால் விருந்தினர் படுத்துக்கொண்டு மூடுபனி நகர்வதைப் பார்க்கிறார்கள். விரும்பினால் கூடை மாட்டிக் கொஞ்ச நேரம் கொழுந்தெடுத்தும் பார்க்கலாம். ஒன்றும் செய்யாமல் மலையைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கு மனிதர்கள் நல்ல விலை கொடுக்கிறார்கள் என்பதை, அதே மலையில் நாள் முழுக்க நிற்பவர்கள் வியப்போடுதான் பார்ப்பார்கள்.

கலங்கிய ஊற்றுக்கும் கான் ஓரத்து வெடிப்புக்கும் வருவோம். கண்ணில் பட்டதைச் சொல்வது அன்று யாருடைய கடமையாகவும் இருக்கவில்லை, எல்லாருடைய வழக்கமாக இருந்தது. நிரையில் ஐம்பது பேர் நடந்த மலையை இன்று பத்துப் பேர் கடக்கிறார்கள். மிஷினோடு போகிறவர்கள் கத்தியைப் பார்த்தபடி போகிறார்கள். கைவிடப்பட்டுக் காடேறிய மலைகளில் அதுவும் இல்லை. பார்க்கும் வேலையைக் கருவிகள் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் தானியங்கி மழைமானிகள் மலைநாடெங்கும் நிற்கின்றன. இருபத்துநான்கு மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பு, 100 ஆனால் ஆயத்தம், 150 ஆனால் வெளியேறு. இந்த அளவுகள் அனுபவத்திலும் ஆய்விலும் வந்தவை. உயிர்களைக் காப்பாற்றியும் இருக்கின்றன. நடுச்சாமத்தில் எல்லாரும் தூங்கும்போதும் மழைமானி விழித்திருக்கிறது. எந்தக் கொழுந்துக்காரியாலும் அது முடியாது.

ஆனால் பதுளை மாவட்டத்தில் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்து லயங்கள் 2014 ஒக்டோபர் 29 காலையில் மண்ணுக்குள் போனபோது, எச்சரிக்கை இல்லாமல் போகவில்லை. 2005இலேயே அந்த இடம் ஆபத்து என்று சொல்லப்பட்டிருந்தது, 2011இலும் சொல்லப்பட்டது. சொன்னவர்கள் சொன்னார்கள், எழுதியவர்கள் எழுதினார்கள், கடிதம் போன இடத்தில் கோப்பில் ஏறியது. மாற்று நிலம் கொடுப்பது தோட்டக் கம்பனியா, பிரதேச செயலகமா, அமைச்சா என்பது முடிவாகவில்லை. போகச் சொன்னால் எங்கே போவது என்று மக்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. நிலம் அவர்களுடையதல்ல, காம்பராவும் அவர்களுடையதல்ல. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கண்டி, நுவரெலியா, பதுளை மலைகளைக் கிழித்துப்போட்டு நூற்றுக்கணக்கானவர்களைக் கொண்டுபோனது. பாடசாலைகளில் பாய் விரித்துப் படுத்திருந்தவர்கள் மத்தியில் அதே பழைய கேள்விதான்: மழை விட்டதும் எந்தக் காம்பராவுக்குத் திரும்புவது? மழையின் அளவை மில்லிமீற்றர் பிசகாமல் சொல்ல முடிகிற காலத்தில், இன்னாருக்கு இன்ன இடத்தில் ஏழு பேர்ச் நிலம் என்று கையெழுத்துப் போடும் வேலையை எந்தக் கருவியும் ஏற்றுக்கொள்ளவில்லை. கேட்டால் அதற்கென ஒரு செயலி வரும் என்பார்கள்.

சில தோட்டங்களில் புதிய ஏற்பாடு ஒன்று நடக்கிறது. மலையைக் குடும்பங்களுக்குத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுத்துவிடுகிறார்கள். செடியைப் பராமரித்துக் கொழுந்தை எடுத்துக் கொடுத்தால் கிலோவுக்கு இவ்வளவு. பெரட்டு இல்லை, முழுப்பேர் அரைப்பேர் இல்லை. தன் துண்டில் நிற்கிறவள் மறுபடி மெதுவாக நடக்கிறாள். இந்த நிரை இன்னும் இரண்டு நாள் நிற்கட்டும் என்று விட்டுவிட்டு வீட்டுக்குப் போக அவளால் முடிகிறது. கான் அடைத்திருந்தால் தானே மண்வெட்டி எடுக்கிறாள். வாடிய செடிக்குப் பக்கத்தில் நின்று யோசிக்கிறாள். மாலையில் புருஷனையும் மகனையும் கூட்டிவந்து காட்டுகிறாள். செடிக்கு என்ன ஆனாலும் இப்போது பதில் சொல்ல வேண்டியவள் அவள்தான். நிலத்தின் குத்தகை கம்பனியின் பெயரில் இருக்கிறது. பச்சைக் கொழுந்தின் விலை மாதக் கடைசியில் ஒரு துண்டில் அச்சாகி வருகிறது. அந்த எண் எப்படி வந்ததென்று அவள் கேட்டால், துண்டைக் கொடுக்கிற தம்பிக்கும் தெரிவதில்லை.